நான்காம் நாள்: தீட்டின் வரலாறும் நம் பெண்களின் உடம்பும்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அந்த அக்கா தன் வீட்டுச் சுவரில் மளிகைக்கடை நாட்காட்டி ஒன்றை மாட்டியிருந்தார். மாதத்துக்கு ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருப்பார். அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் சில தேதிகளின் ஓரத்தில் பென்சில் புள்ளிகள் இருக்கும். தலைவலி என்றால் ஒரு புள்ளி, எல்லார் மேலும் எரிந்து விழுந்த நாள் என்றால் இரண்டு. இரவுப் பாடசாலைக்கு வந்த பெண்பிள்ளைகள் அது என்னவென்று கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. “என் உடம்போட கணக்கு, நீங்களும் எழுதிப் பழகுங்க” என்றார். பையன்கள் இருக்கும்போதே சொன்னார். அடுத்த நாள் ஊரில் இரண்டு மூன்று அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களும் நம் தெரு அம்மாக்கள்தான்.

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு மாதவிடாய் என்று தலைப்புக் கொடுத்தபோது நம் அமைப்புக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. நிலம், பஞ்சமர் பூமி, இட ஒதுக்கீடு, ஆணவக்கொலை என்று எவ்வளவோ இருக்க இதுவா என்றார்கள். இதுவும் நிலத்தைப் போன்றதுதான் என்பது நம் பதில். யார் எங்கே நிற்கலாம், யார் எதைத் தொடலாம் என்று வகுத்த அதே கைதான் இதையும் வகுத்திருக்கிறது.

முதலில் சொற்களைப் பாருங்கள். நம் பக்கத்தில் ‘தூரம்’ என்கிறோம், ‘வீட்டுக்குத் தூரம்’ என்கிறோம். படித்தவர்கள் ‘மாதவிலக்கு’ என்கிறார்கள். சில ஊர்களில் ‘ஒதுக்கு’, தெற்கே ‘முட்டு’. எங்கும் ‘தீட்டு’. இவற்றில் ரத்தத்தைக் குறிக்கிற சொல் ஒன்றும் இல்லை, வலியைக் குறிக்கிற சொல்லும் இல்லை. பெரும்பாலானவை இடத்தைக் குறிக்கின்றன. தள்ளி நில், விலகி இரு, ஒதுங்கிப் போ. சேரியைப் பற்றி ஊர் பேசும்போது என்ன சொற்களை எடுக்கிறதோ அதே சொற்கள். ஊருக்கு ஒதுக்குப்புறம் நாம், வீட்டுக்கு ஒதுக்குப்புறம் பெண். ஒரே அகராதி.

இது தற்செயலா? சாத்திரங்களைத் திறந்தால் விடை கிடைக்கும். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் 85ஆம் சுலோகம் யாரைத் தொட்டால் குளித்துத்தான் சுத்தமாக வேண்டும் என்று பட்டியல் தருகிறது. சண்டாளன், மாதவிடாய்ப் பெண், சாதி விலக்கப்பட்டவன், பிள்ளை பெற்றவள், பிணம், பிணத்தைத் தொட்டவன். நாமும் ரத்தமும் பிணமும் ஒரே வரியில் இருக்கிறோம். பராசர ஸ்மிருதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. தூரமான பெண் முதல் நாள் சண்டாளி, இரண்டாம் நாள் பிராமணனைக் கொன்றவள், மூன்றாம் நாள் வண்ணாத்தி, நான்காம் நாள் குளித்துச் சுத்தமாகிறாள் என்று அது கணக்குச் சொல்கிறது. இரண்டாம் நாளுக்கு ஏன் கொலைப் பழி? தைத்திரீய சம்ஹிதையில் அதற்கு ஒரு கதை உண்டு. மூன்று தலை கொண்ட விசுவரூபனைக் கொன்ற இந்திரனுக்குப் பிரம்மஹத்தி தோஷம் பிடிக்கிறது. அந்தப் பாவத்தை அவன் மூன்றாகப் பிரித்து நிலத்துக்கும் மரங்களுக்கும் பெண்களுக்கும் கொடுக்கிறான். பெண்கள் வாங்கிக்கொண்ட பங்குதான் மாத ரத்தமாம். கொன்றவன் தேவராஜன், ரத்தம் வடிப்பவள் பெண்.

பராசரன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெண்ணைத் தாழ்த்துவதற்கு அவன் கையில் எடுத்த அளவுகோல் எது? சண்டாளி, வண்ணாத்தி. மேல்சாதிப் பெண் மாதத்தில் மூன்று நாள் நம்மைப் போல் ஆகிறாள், அதுதான் அவளுக்குத் தண்டனை. நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு தன் சாதிக்குத் திரும்பிவிடுகிறாள். நம் பாட்டிகளுக்கு அந்த நான்காம் நாள் வரவே இல்லை. ‘பெண்கள் எல்லாரும் தலித்துகளே’ என்று மேடைகளில் சிலர் சொல்லும்போது நாம் கை தட்டாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒடுக்குமுறைக்கு உறவு உண்டு, ஒப்பு இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை எரித்தபோது அந்த ஐந்தாம் அத்தியாயமும் எரிந்தது. நம் வீட்டு மூலையில் மட்டும் அது இன்னும் அணையாமல் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

‘இதெல்லாம் வடக்கிலிருந்து வந்தது, தமிழனிடம் தீட்டு இல்லை’ என்று பேசுவது நமக்கும் சுகமாக இருக்கும், ஆனால் சங்கப் பாட்டு இடம் தரவில்லை. புறநானூறு 299இல் பொன்முடியார் ஒரு உவமை வைக்கிறார். சிற்றூர் மன்னனின் குதிரைகளைக் கண்டு பேரரசனின் கொழுத்த குதிரைகள் பின்வாங்கி நிற்கின்றன. எப்படி நிற்கின்றன என்றால், முருகன் கோட்டத்தில் பாத்திரங்களைத் தொடாமல் விலகி நிற்கும் பெண்களைப் போல. ஒரு பெண் புலவரே உவமையாக எடுத்தாளும் அளவுக்கு அந்தக் காட்சி அன்றைக்கே எல்லாருக்கும் பழகியிருந்தது. அங்கே காரணமாகச் சொல்லப்படுவது அணங்கு, அதாவது அஞ்சத்தக்க ஆற்றல். பாவம் என்ற பேச்சு அங்கே இல்லை. அச்சம் அசிங்கமாக மாறியது எப்போது, எப்படி என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. அதே தொகுப்பில் 311ஆம் பாட்டில் உவர் நிலத்தில் கிணறு தோண்டித் துணி வெளுக்கிற புலைத்தி வருகிறாள். தலைவனின் ஆடை வெண்மையாக இருக்கிறது, அவள் பெயரில் ‘புலை’ ஒட்டியிருக்கிறது. அழுக்கு துணியை விட்டுப் போய் வெளுத்தவள் பெயரில் ஏறிக்கொண்டது.

அந்தப் புலைத்தியின் பேத்திகளை நமக்குத் தெரியும். நம் தெருக்களுக்கே துணி வெளுத்தவர்கள் புதிரை வண்ணார்கள். ஊர் வண்ணாருக்கு வண்ணாத்தி செய்த வேலையை நமக்கு இவர்கள் செய்தார்கள். ஒரு பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் அந்தத் துணியும், பிரசவத் துணியும், சாவுத் துணியும் அவர்கள் மூட்டைக்குத்தான் போகும். பதிலுக்கு அந்தியில் வீடு வீடாக நின்று வாங்கும் சோறு. 1932 டிசம்பரில் ‘இந்து’ நாளிதழில் வந்த ஒரு செய்தி, திருநெல்வேலிப் பக்கம் இவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே வேலை செய்கிறார்கள் என்று பதிவு செய்தது. தீண்டாமையோடு காணாமையும் சேர்ந்துகொண்டது. அவர்கள் துவைத்தது மற்ற தீண்டப்படாதவர்களின் துணியை, அதாவது நம் துணியை. இமையம் 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ எழுதி ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியை நம் முன் நிறுத்தியபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார் என்றார்கள். ஏற வேண்டிய கூண்டுதான் அது. லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ படம் 2019இல் வந்தது. ஊரின் ரத்தத் துணியைத் துவைத்துக்கொண்டே மகளை ஊர் கண்ணில் படாமல் வளர்க்கும் ஒரு தாய் அதில் வருகிறாள். புதிரை வண்ணார் நல வாரியம் 2009இல் வந்தது. துணி மூட்டையின் வரலாறு வாரியத்தைவிடச் சில ஆயிரம் ஆண்டு மூத்தது.

இனி, அறிவியல் இதை எப்படிப் பார்த்தது என்று பார்ப்போம். அங்கே நமக்குப் புது விளக்கம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் கல்லூரி நாட்களில் புத்தகங்களைப் புரட்டினோம். முதலில் எதிர்ப்பட்டது ஒரு வேலைக்காரப் பெண்ணின் கை.

1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற குழந்தை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்கு வந்த ரோஜாப் பூக்களை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துத் தண்ணீரில் வைக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் பூக்கள் வாடிக் கிடந்தன. கேட்டால், அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் நாட்கள். உடனே மாதவிடாய்ப் பெண்ணின் உடம்பிலிருந்து ஒரு நஞ்சு வெளியேறுகிறது என்று முடிவு செய்து அதற்கு ‘மெனோடாக்ஸின்’ என்று பெயரும் வைத்துவிட்டார். இந்த ஷிக் சாதாரண ஆள் இல்லை. தொண்டை அடைப்பான் நோய்க்கு அவர் பெயரிலேயே ஒரு பரிசோதனை உண்டு. இருந்தாலும் துளசி கருகிவிடும், ஊறுகாய் கெட்டுவிடும் என்று நம் ஊர்ப் பெரிய வீடுகளில் சொன்னதற்கும் இவர் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே மந்திரம், அங்கே ஆய்வுக்கூடம், அவ்வளவுதான். அந்த நஞ்சைத் தேடிப் பல பத்தாண்டுகள் பலர் ஆய்வு செய்தார்கள். கடைசிவரை அப்படி ஒன்று நிறுவப்படவில்லை. நமக்கு உறுத்துவது வேறு. அந்தக் காலை வியன்னாவில் எத்தனையோ பேர் பூவைத் தொட்டிருப்பார்கள், சந்தேகம் போய் நின்றது வேலைக்காரியின் கையில்.

அதற்கும் முன்னால் 1873இல் அமெரிக்காவில், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எட்வர்டு கிளார்க் என்ற மருத்துவர், பெண்கள் மாதவிடாய் நாட்களில் மூளையைச் செலவழித்தால் கருப்பை கெட்டுவிடும், ஆண்களைப் போல அவர்களைப் படிக்க வைக்கக் கூடாது என்று ஒரு புத்தகம் எழுதினார். (புனேயில் சாவித்திரிபாய் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து அப்போது 25 ஆண்டு ஆகியிருந்தது.) மேரி பட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, நாடித்துடிப்பையும் உடல் வலுவையும் அளந்து, அந்த நாட்களில் ஓய்வு கட்டாயம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். 1876இல் அதே ஹார்வர்டின் பாயில்ஸ்டன் பரிசு அந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது. கிளார்க் கவலைப்பட்டதெல்லாம் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கருப்பையைப் பற்றி. நெசவாலையில் நாளெல்லாம் நின்ற பெண்ணை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவர் புத்தகம் எழுதவில்லை. வயலில் குனிந்து நடவு நட்டவளின் கருப்பையைப் பற்றி இங்கே பண்ணையார் கவலைப்பட்டாரா?

உண்மையில் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவோம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பலருக்குத் தெரியாது, பெண்களில் சிலருக்கும் தெரியாது. நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது வாத்தியார் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைப் புரட்டியவர்தான்.

ரத்தம் தொடங்கும் நாளை முதல் நாள் என்று எண்ண வேண்டும். அடுத்த முறை தொடங்க 21 நாள் ஆகலாம், 35 நாளும் ஆகலாம், எல்லாருக்கும் 28 இல்லை. முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது. நடுவில் சூலகத்திலிருந்து ஒரு கருமுட்டை வெளிவருகிறது. அது வந்த இடத்தில் மிஞ்சும் திசு புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அந்தச் சுரப்பு நின்றுபோகும். சுரப்பு விழுந்ததும் உள்சுவரின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அது உதிர்ந்து வெளியேறுகிறது. உதிர்க்கும்போது உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் கருப்பையை இறுக்கிப் பிசைகிறது. வயிற்றுவலி, இடுப்புவலி, குமட்டல், சிலருக்கு வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் வேலை. மொத்தமாக வெளியேறும் ரத்தம் சராசரியாக 30, 40 மில்லி. டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதிகூட இல்லை. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்கிறது மருத்துவம். இந்த அரை டம்ளருக்காகத்தான் இத்தனை சாத்திரம்.

இந்த ரத்தத்தில் விஷமும் இல்லை, ‘கெட்ட ரத்தம்’ வெளியேறுகிறது என்பதும் உண்மை இல்லை. நல்ல ரத்தம்தான் போகிறது, இரும்புச்சத்தோடு போகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. சோறும் ரசமும் ஊறுகாயும் சாப்பிட்டு, கறி வாரத்துக்கு ஒருநாள், அதுவும் ஆண்களுக்குப் போட்ட பிறகு மிஞ்சியதை உண்ணும் உடம்பிலிருந்து மாதாமாதம் இது போகிறது.

ரத்தத்துக்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான் அக்காவின் பென்சில் புள்ளிகள். மார்பு கனக்கும், வயிறு உப்பும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். காரணம் தெரியாமல் அழுகை வரும், கோபம் வரும். ரத்தம் தொடங்கி ஓரிரு நாளில் மேகம் கலைந்தது போலப் போய்விடும். நம் தெருப் பெண்களுக்கு இது தெரியும், பெயர்தான் தெரியாது. ‘உடம்பு ஒருமாதிரியா இருக்குது’ என்பார்கள். ‘நாள் கிட்ட வந்துடுச்சு’ என்பார்கள். இதற்கு மருத்துவப் பெயர் வந்த கதை சுவையானது. 1931இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மருத்துவர் 15 பெண்களைப் பற்றி எழுதி ‘மாதவிடாய்க்கு முந்தைய பதற்றம்’ என்று பெயரிட்டார். பெண் சுரப்பு மிகுந்துபோவதே காரணம் என்று நம்பினார். தீவிரமாக இருந்த சிலருக்குச் சூலகத்தின் மீது எக்ஸ்ரே கதிரையே பாய்ச்சினார். 1953இல் லண்டனில் ரேமண்ட் கிரீனும் கேத்தரினா டால்டனும் அதை விரித்து ‘மாதவிடாய் முன் அறிகுறித் தொகுப்பு’ ஆக்கினார்கள். டால்டனுக்கே மாதாமாதம் ஒற்றைத் தலைவலி வந்து, கர்ப்பமாக இருந்தபோது நின்றுபோயிருக்கிறது. அதிலிருந்து அவர் புரோஜெஸ்டிரோன் குறைவுதான் காரணம் என்ற முடிவுக்குப் போனார். ஃபிராங்குக்குச் சுரப்பு மிகுதி, டால்டனுக்குச் சுரப்பு குறைவு. இரண்டுமே நிற்கவில்லை. 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஷ்மிட், ரூபினோ குழுவினர் செய்த ஆய்வுதான் தெளிவு தந்தது. இந்த அவதி உள்ள பெண்களுக்குச் சூலகச் சுரப்பை மருந்தால் நிறுத்தியபோது பலருக்கு அவதி அடங்கியது, சுரப்பை வெளியிலிருந்து கொடுத்தபோது திரும்ப வந்தது. அவதி இல்லாத பெண்களுக்கு அதே சுரப்பைக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆக, சுரப்பின் அளவில் கோளாறு இல்லை. ஏற்ற இறக்கத்துக்குச் சிலருடைய மூளை கூடுதலாக அசைந்து கொடுக்கிறது. நூற்றில் சிலருக்கு அது வேலையையும் வாழ்க்கையையும் முடக்கும் அளவு போகும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை 2013இல் தனி நோயாகத் தன் கையேட்டில் ஏற்றது. சிகிச்சை உண்டு. அதற்கு முன் மருத்துவர்கள் கேட்பது, குறைந்தது இரண்டு மாதம் நாள்தோறும் குறித்துக்கொண்டு வா என்பதைத்தான். மளிகைக்கடை நாட்காட்டி போதும்.

எமிலி மார்ட்டின் என்ற மானிடவியலாளர் 1987இல் ஒரு கேள்வி எழுப்பினார். 1931இல், வேலையில்லாத் திண்டாட்டத்தில் பெண்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், பெண்ணின் உடம்பு வேலைக்குத் தகுதியில்லாதது போலக் காட்டும் பெயர் எப்படிச் சரியாக வந்து சேர்ந்தது? இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலைக்குப் பெண்கள் தேவைப்பட்டதும், மாதவிடாய் வேலைக்கு ஒரு தடையே இல்லை என்று ஆய்வுகள் எப்படி வந்தன? அவதி பொய் என்று மார்ட்டின் சொல்லவில்லை. அவதியை எப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள், எப்போது மறுக்கிறார்கள் என்பதைப் பார்க்கச் சொன்னார். நாம் அதில் சாதியையும் சேர்க்கிறோம். மாடிவீட்டுப் பெண்ணுக்கு எரிச்சல் வந்தால் நரம்புத் தளர்ச்சி, மருத்துவர், மாத்திரை. நம் பெண்ணுக்கு வந்தால் வாய்க்கொழுப்பு, இல்லாவிட்டால் பேய். பாமா 1994இல் ‘சங்கதி’யில், பேய் ஏன் நம் பெண்களை மட்டும் தேடிப் பிடிக்கிறது என்று கேட்டு, காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலையையும் அழுத்தி வைத்த மனசையும் காட்டினார். மருத்துவ நூல்களோடு சேர்த்து வைக்க வேண்டிய பக்கங்கள் அவை.

நம் உழைக்கும் பெண்களுக்கு மருத்துவம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கிடைத்திருக்கிறது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர் அச்சிடாத மாத்திரையைக் கொடுத்துத் தையல் எந்திரத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அதன் சாரம். எந்த மருந்து என்று விழுங்கியவர்களுக்குத் தெரியாது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. அரசுக் குழு கணக்கெடுத்த 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டவர்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவான், வயலில் மறைப்பு இல்லை, தண்ணீர் இல்லை. வெள்ளைப்படுதல் என்று போனால் தனியார் மருத்துவமனையில் ‘எடுத்துவிடலாம்’ என்கிறார்கள். கடன் வாங்கி எடுத்துக்கொள்கிறார்கள். கடனை அடைக்கத் திரும்பக் கரும்புக்குப் போகிறார்கள். அவர்களில் தலித்துகளும் நாடோடிப் பழங்குடியினரும் கணிசம். கடலூர், விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டிய நம் பெண்களுக்கு அந்த வயல் எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டாம். பீகார் அரசு 1992லேயே பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தது. நல்ல ஆணைதான், ஆனால் வருகைப் பதிவேடு உள்ளவர்களுக்கு. நாள் கூலிக்காரியின் விடுப்பு என்பது அன்றைக்கு அடுப்பு எரியாத விடுப்பு.

இந்தக் கூலிக் கணக்கில் ஒரு விநோதமும் நடந்தது. நம் ஆயாக்களுக்குத் தூரம் பார்க்க நேரமே இருந்ததில்லை. மூன்று நாள் மூலையில் உட்கார்ந்தால் யார் சம்பாதிப்பது? பழஞ்சீலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போனார்கள், வந்து சோறு ஆக்கினார்கள். தீட்டு நம் தெருவில் இளைத்துப் போய்த்தான் இருந்தது. அரசு வேலையும் ஒட்டுவீடும் வந்த பிறகுதான் தனித் தட்டு, தனிப் பாய், ‘சாமி ரூம் பக்கம் போகாதே’ எல்லாம் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. எம்.என். சீனிவாஸ் இதற்கு ஒரு பெயர் வைத்தார், மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி மேலேறப் பார்ப்பது. சமூகவியல் வகுப்பில் அதைப் படித்தபோது யாரையோ பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் நடையில் பாய் விரித்திருந்தது. சுவரில் அம்பேத்கர் படம், அதற்குக் கீழே நம் தங்கை, தனி டம்ளருடன். டீக்கடையில் தனி டம்ளரை எதிர்த்து உள்ளே போனவர் நம் அப்பா. அவரிடம் அதைச் சொல்ல நமக்கு ஒன்பது வருடம் ஆனது. சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. டம்ளரை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இந்த மேடையில் சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழி, பொதுக்கூட்டப் பேச்சாளர் பட்டியலில் பெண் பெயரே இல்லை என்று குரலை உயர்த்தினார். ஒரு தோழர் சிரித்துக்கொண்டே, “அவங்களுக்கு இன்னிக்கு நாள் சரியில்ல போல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். பெண்ணின் கோபத்தைச் சுரப்பின் கணக்கில் எழுதிவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. சரி, ஒரு பேச்சுக்கு அன்றைக்கு அவருக்கு அந்த நாட்கள்தான் என்றே வைத்துக்கொள்வோம். பட்டியலில் பெண் பெயர் வந்துவிடுமா? அந்தத் தோழி பிறகு வட்டத்துக்கு வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

சட்டம் என்ன சொன்னது? 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் பெண்களை அனுமதிக்கத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் சந்திரசூட் மட்டும் ஒரு படி போய், மாதவிடாயைக் காரணம் காட்டி விலக்குவதும் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வடிவமே என்றார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்து மல்ஹோத்ரா, 17ஆம் பிரிவு சாதித் தீண்டாமைக்கானது, இதை அதோடு ஒப்பிடுவது பொருந்தாது என்றார். 2019 நவம்பரில் மறுஆய்வு மனுக்களை ஒட்டி எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. நம் நிலை என்ன? தீட்டு என்ற கருத்தின் வேர் ஒன்றே என்பதில் சந்திரசூட் பக்கம் நிற்கிறோம். நான்காம் நாள் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றல்ல என்பதை அவர் தீர்ப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறோம்.

இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் ஒரு காட்சி காட்டியது. ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. வயசுக்கு வந்திருந்தாள். வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்து ஆண்டுத் தேர்வு எழுத வைத்தார்கள். தாய் போய்ப் பார்த்துப் படம் எடுத்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில், வயசுக்கு வந்ததால் தனிக் குடிசையில் தங்க வைக்கப்பட்ட சிறுமி மேல் தென்னை விழுந்து இறந்துபோனாள். அவளுக்குச் செய்தது அவள் வீட்டார், அன்பாகத்தான் செய்திருப்பார்கள். தீட்டு அன்போடும் வேலை செய்யும் என்பதால்தான் அதை எதிர்ப்பது கடினம்.

கடைசியாகத் துணியின் கதையை முடித்துவிடுவோம். கிழிந்த சீலை போய் நாப்கின் வந்தது. கோவை முருகானந்தம் மலிவாகச் செய்ய எந்திரம் கண்டுபிடித்தார், அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது, 2017இல் போட்ட 12 சதவீத ஜி.எஸ்.டி.யை ஓராண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூலையில் நீக்கினார்கள். நம் பெண்பிள்ளைகள் பள்ளி நிற்காமல் போக அது உதவியிருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் பயன்படுத்திய நாப்கின் எங்கே போகிறது? சுற்றிக் கொடுக்க வேண்டும், உற்பத்தியாளரே அதற்கு உறை தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் கூறின. நகரத்தின் குப்பை வண்டிகளில் ஏறிப் பாருங்கள். சாம்பார் மிச்சத்தோடும் கண்ணாடித் துண்டோடும் திறந்தபடி வருகிறது. கையால் பிரிப்பவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் அருந்ததியர் பெண், பெரும்பாலும் கையுறை இல்லாமல். வண்ணாத்தியின் மூட்டை கை மாறியிருக்கிறது, சாதி எல்லையைத் தாண்டவில்லை.

சென்ற மாதம் அப்படி வேலை செய்யும் பெண்கள் சிலரோடு உட்கார்ந்து பேசினோம். ‘உங்களுக்கு அந்த நாட்களில் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியோடு கிளம்பினால் மதியம் வரை வழியில் கழிப்பறை இல்லை. வீடு வீடாகக் குப்பை வாங்கினாலும் எந்த வீட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். ஒரே நாப்கினோடு எட்டு மணி நேரம். தொடை உரசிப் புண்ணாகும், அதோடு வண்டி தள்ள வேண்டும். ஒரு அம்மா சொன்னார்: “ஊரு பொம்பளைங்களோடது எத்தன எடுக்கறேன், என்னோடத மாத்த எடம் இல்ல.”

அவர்களில் இருவர் இன்று இந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் உட்காரச் சொன்னோம், வேலை முடித்து வருகிறோம் என்றார்கள். பெண்கள் கழிப்பறையில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும் மூடி போட்ட தொட்டி ஒன்றும் வைத்திருக்கிறோம். ஆண்கள் கழிப்பறைச் சுவரிலும் அக்காவின் நாட்காட்டியிலிருந்து ஒரு மாதத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறோம், புள்ளிகளோடு.